டம்ளருக்கு அடியில் ஒரு வானவில்

நேற்று மத்தியானம் காப்பி போட்டு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொண்டு சமையலறைக் கல்மேடைக்கு வந்தேன். டம்ளரைக் கீழே வைக்கும் முன்னால் இடது கை தானாக நீண்டு எதையோ துழாவியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்:

“வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார், அப்பா?”

“கோஸ்டர்மா. டம்ளருக்கு அடியில வைக்க.”

“இட்ஸ் ஸ்டோன், அப்பா. நத்திங் வில் ஹாப்பன்.”

ஒன்றும் ஆகாதுதான். நாங்கள் இருக்கும் பிளாட் புஷ் பகுதியில் இப்போது கட்டுகிற வீடுகளில் எல்லாம் இந்தக் கல்தான். காப்பி சிந்தினாலும் டீ சிந்தினாலும் ஒரு துடை, முடிந்தது. ஆனால் ஒரு காலத்தில் எங்களுக்கு எல்லாமே ஆகிக்கொண்டிருந்தது. அதுவும் ஒரு மேசையின் மேல். கை இன்னும் அந்த வீட்டிலேயே குடியிருக்கிறது போல.

அது இதே ஊரின் இன்னொரு மூலையில், பிளாக்ஹவுஸ் பே பகுதியில் இருந்த மர வீடு. நான் படிப்பை முடித்துவிட்டு, ஐ.டி. வேலை இதோ வருகிறது, அதோ வருகிறது என்று சொல்லிக்கொண்டு பென்ரோஸில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த காலம். அந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள், வதனி அக்காவும் குகன் அண்ணாவும். அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அண்ணா டவுன் பஸ் ஓட்டினார். மகன் பிரிஸ்பேனில் படித்துக்கொண்டிருந்தான். ஓர் அறையை எனக்கு விட்டிருந்தார்கள். நான் விருதுநகர்க்காரன். மூன்று பேரும் தமிழில்தான் பேசினோம் என்று அப்போது உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அக்காவின் அறைக் கதவுக்குப் பின்னால் மடித்த அட்டைப்பெட்டிகள் ஓர் ஆள் உயரத்துக்குச் சாத்தியிருக்கும். வீடு மாற்றும் பெட்டிகள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவர்கள் மாறிக்கொண்டே இருந்தவர்கள். ஒரு வீட்டை அதன் உரிமையாளர் விற்றுவிட்டார், இன்னொன்றுக்கு உரிமையாளரின் மகனே குடிவந்துவிட்டான், வேறொன்றில் கூரை ஒழுகியது. “இந்தப் பெட்டியை எல்லாம் எறிஞ்சிடலாமே அக்கா, இடத்தை அடைக்குதே” என்று ஒருமுறை சொன்னேன்.

“விசர்க் கதை கதைக்காதேங்கோ தம்பி. குடை கொண்டுபோனா மழை வராது. பெட்டி இருந்தா வீட்டுக்காரன் வீட்டை விட்டு எழுப்பமாட்டான்.”

இப்படி அவருக்குச் சொந்தமாகவே நிறையப் பழமொழிகள் உண்டு. ‘வாடகை வீட்டில ஆணி அடிக்கிறவன் ஆசைப்பட்டவன்’ என்பது இன்னொன்று. அக்கா அந்த வீட்டில் ஆணி அடிக்கவில்லையே தவிர, ஆசைப்பட்டுவிட்டார். காலை வெயில் நேராக அடுப்படிக்குள் வரும். நடக்கிற தூரத்தில் நாலு கடை. “இந்த வீட்டில கிழவியாகலாம் போல கிடக்கு” என்று ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார். வாடகை ஒப்பந்தம் முடியப்போகிற சமயம் அது. நீட்டிப்பார்களா மாட்டார்களா என்பது, வீட்டுக்காரர் சார்பில் ஏஜெண்ட் அம்மா வந்து வீட்டைச் சோதித்துவிட்டுச் சொல்வதில்தான் இருந்தது.

அப்போதுதான் மேசை எங்களைக் காட்டிக்கொடுத்தது.

அது வீட்டோடு வந்த மேசை, வீட்டுக்காரருடையது. தேன் நிறத்தில் பளபளவென்று இருக்கும். இந்த ஊர்க்காரர்கள் அதன்மேல் அடி தடித்த பீங்கான் கோப்பைகளை வைத்துக் குடித்திருப்பார்கள், அதற்கு ஒரு கேடும் வந்திருக்காது. நாங்களோ என் அம்மா பெட்டியில் கட்டிக் கொடுத்த எவர்சில்வர் டம்ளர்களில் கொதிக்கக் கொதிக்கக் குடித்தோம். மெல்லிய தகடு. சூடு அப்படியே இறங்கும். வைத்து எடுத்த இடத்தில் எல்லாம் வெள்ளை வெள்ளையாக வட்டம். டம்ளர் வட்டம், டவரா வட்டம், குழம்புச் சட்டியின் பெரிய வட்டம். வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் மேசை முழுக்க நிலா.

“மேசைத் துணி போட்டுடலாமா அக்கா?”

“துணி போட்டா எதையோ மறைக்கிறாங்கள் எண்டு நினைப்பினம்.”

“அப்ப கோஸ்டர் வாங்கலாம்.”

குகன் அண்ணா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். “என்னது, கோஸ்டரோ? அதில இருபத்தைஞ்சு பேர் இருக்கலாமே!” அவர்கள் ஊரில் கோஸ்டர் என்றால் சின்ன பஸ். டம்ளருக்கு அடியில் வைக்கிற வில்லைக்கு அந்தப் பெயர் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் மனிதர் அதை வைத்து ஒரு வாரம் ஓட்டிவிட்டார். “தம்பி, கோஸ்டர் வந்திட்டுதோ? சீற் இருக்கோ?”

கடையில் கிடைத்ததெல்லாம் சதுரம், எல்லாம் ஒரே அளவு. எங்கள் கறைகளோ வட்டம், ஒவ்வொன்றும் ஓர் அளவு. இந்த யோசனையோடு ஒருநாள் கிடங்கில் ஸ்மோகோவுக்கு உட்கார்ந்திருந்தேன். தேநீர் இடைவேளைக்கு இங்கே அதுதான் பெயர், யாரும் புகைப்பதில்லை. போனில் எதையோ தேடப்போக, ஒரு அமெரிக்க அம்மாள் கொக்கி ஊசியால் குரோஷே பின்னும் வீடியோ வந்தது. நடுவில் ஒரு சுருக்கு, அதைச் சுற்றி ஒரு வளையம், அதைச் சுற்றி இன்னொன்று. எந்த அளவு வந்ததும் வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்! ஆர்க்கிமிடிஸ் மாதிரி எழுந்து ஓடாத குறைதான்.

பழைய சாமான் விற்கும் ஒப் ஷாப்பில் ஒரு பை நிறைய மிச்ச நூல் உருண்டைகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவு. ஒரு நிறம் ஒரு சுற்றுக்குத்தான் வரும், பிறகு வேறு நிறத்துக்கு மாறியாக வேண்டும். ஆக, வானவில் என்பது எங்கள் கலைக்கண் அல்ல, பற்றாக்குறை. ஊதாவை நடுவில் வைத்துத் தொடங்கி, சிவப்பில் முடித்தோம். கருநீலம் மட்டும் பையில் இல்லவே இல்லை.

“ஆறு நிறந்தான் வருது அக்கா.”

“ஒண்டு குறைஞ்சா வானவில் வழக்குப் போடுமோ? இந்த ஊரில மழையும் வெயிலும் மாறி மாறி, அதுக்கு ஓய்வே இல்லை. பாவம், அதுவும் ஒரு நிறத்தை எங்கையாவது விட்டிட்டுத்தான் வரும்.”

என் முதல் கோஸ்டர் கிண்ணமாக வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போகாவிட்டால் ஓரம் மேலே மடங்கிவிடும். கிடங்கில் என்னோடு வேலை பார்த்த டோங்காக்காரர் ஒருவர் அதை வாங்கி உச்சந்தலையில் கவிழ்த்துக்கொண்டு இடைவேளை முழுக்கப் பாதிரியார் போல எல்லோரையும் ஆசீர்வதித்தார். இரண்டாவதில் பயந்துபோய்க் கண்ணிகளை அள்ளிப் போட்டேன், பொரித்த அப்பளம் போல நெளிந்தது. மூன்றாவது தட்டையாகத்தான் வந்தது. ஆனால் அது பச்சைக் குழந்தைகளுக்குச் சட்டை பின்னுகிற செயற்கை நூல். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை அண்ணா அதன்மேல் வைத்ததும் பிளாஸ்டிக் தீய்ந்த வாசனை. கோஸ்டர் மேசையோடு ஒட்டிக்கொண்டு, இருந்த வட்டத்தை இன்னும் பெரிதாக்கிவிட்டது. இன்றைக்கும் எங்காவது நெகிழி தீய்ந்தால் எனக்குப் புளிக்குழம்பு நினைவுதான் வரும். அதற்குப் பிறகு பருத்தி நூலை மட்டும் பொறுக்கி எடுத்தோம்.

அக்காவும் பின்னினார். அவர் பார்த்தது அதே ஒப் ஷாப்பில் கிடைத்த ஒரு பழைய உள்ளூர்ப் புத்தகம், நான் பார்த்தது அமெரிக்க வீடியோ. இரண்டிலும் ‘டபுள் குரோஷே’ என்றுதான் போட்டிருந்தது. அதே ஆறு சுற்றுதான், அதே ஊசிதான். ஆனால் என்னுடையது தோசை, அவருடையது இட்லி. இரண்டு நாள் ஒருவரை ஒருவர் குறை சொல்லித் தீர்த்த பிறகுதான் தெரிந்தது, அமெரிக்காவில் டபுள் என்றால் உயரமான தையல், இங்கே அதே பெயர் குட்டைத் தையலுக்கு. பெயர் ஒன்று, தையல் இரண்டு. விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பிலேயே ஒரு பாடம் இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

சோதனை நாள் வந்தது. அக்காவும் அண்ணாவும் வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்கு மத்தியான ஷிப்ட். ஒவ்வொரு வட்டத்தின் மேலும் அதனதன் கோஸ்டரை வைத்துவிட்டு, மேசை பக்கமே போகாதவன் போன்ற முகத்தோடு நின்றேன். ஏஜெண்ட் அம்மா ஜன்னலைப் பார்த்தார், குளியலறையைப் பார்த்தார், கடைசியில் மேசைக்கு வந்து, “ஓ, லவ்லி!” என்றார். என்றவர் சட்டென்று ஒன்றை எடுத்துத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பின்னத் தெரிந்தவர்கள் எல்லாம் அப்படித்தான், முதலில் முதுகைத்தான் பார்ப்பார்கள். அது எனக்குத் தெரியாதே! எடுத்ததும் எதை? சட்டி வட்டத்தின் மேல் இருந்ததை.

மேசையைப் பார்த்தார். கோஸ்டரைப் பார்த்தார். மற்ற கோஸ்டர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். எனக்குக் காதில் கிடங்கு லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. அந்த அம்மா சிரித்துவிட்டார். மயோனைஸைத் தடவி ஊறவிட்டுத் துடையுங்கள், வெள்ளை வட்டம் போய்விடும், தீய்ந்தது மட்டும் போகாது என்றார். வீட்டை இவ்வளவு கருத்தாக வைத்திருக்கிறவர்களை யார் விடுவார்கள், உரிமையாளர் முடிவை என்னிடமே விட்டிருக்கிறார், ஒப்பந்தத்தை நீட்டிவிடுகிறேன், உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள் என்றார். அப்புறம் அரை மணி நேரம், பின்னலைப் பற்றியே பேச்சு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தச் சேதியை நேரில் சொல்லி அக்கா முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. வேலைக்குப் போகிற வழியில் ஒரு வாய்ஸ் மெசேஜ் மட்டும் போட்டேன்: “அக்கா, ஏஜெண்ட் வந்துட்டுப் போயிட்டாங்க. ரொம்ப நேரம் பேசினாங்க. டேபிளைப் பத்திப் பேசினாங்க, உங்களைப் பத்தியும் பேசினாங்க. மீதி நேர்ல சொல்றேன்.” கிடங்கில் போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். பூட்டிவிட்டேன்.

வீடு திரும்பியபோது கோடை வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. வாசலிலேயே டேப் கிழிக்கும் சத்தம். உள்ளே அட்டைப்பெட்டிகள் விரிந்து கிடந்தன. டம்ளர்கள் துவாலையில் சுற்றிப் பெட்டிக்குள் போயிருந்தன. கோஸ்டர்கள் ஊத்தப்பம் போல அடுக்கி ஓரமாக. மேசை முழுக்க நிலாக்கள் திறந்து கிடந்தன.

“என்னக்கா இது?”

“அவ எழுப்ப முந்தி நாங்களே வெளிக்கிடுவம் தம்பி. இன்னொருக்கால் பேச்சு வாங்க என்னால ஏலாது.” கண் சிவந்திருந்தது. “உங்களை நிக்க வைச்சு அவ்வளவு நேரம் பேசினவவோ? என்னை என்னெண்டு பேசினவ?”

“நல்லாதான் அக்கா பேசினாங்க!”

“நல்லாப் பேசினவவோ!” அக்கா டேப்போடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து குகன் அண்ணா பஸ் சீருடையோடு உள்ளே வந்தார். பெட்டிகளைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார். மெசேஜைப் போடச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“வதனி, இந்தியாக்காரருக்குப் பேசுறதெண்டா கதைக்கிறது. எங்களைப் போல ஏசுறதில்லை.”

அக்கா என்னைப் பார்த்தார். “அப்ப, பேசேல்லையோ?”

“பேசினாங்க அக்கா. திட்டலை.”

எங்கள் ஊரிலும் பேச்சு வாங்கினேன் என்றால் திட்டு வாங்கியதுதான். அந்த ஞாபகம் எனக்கு ஏன் வரவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. ஒப்பந்தம் நீட்டிய சேதியை அப்புறம்தான் சொன்னேன். அக்கா எழுந்து சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஒவ்வொரு பெட்டியாகக் காலால் மிதித்துத் தட்டையாக்கி, அண்ணாவிடம் கொடுத்து மறுசுழற்சித் தொட்டியில் போடச் சொன்னார். எல்லாவற்றையும்.

“குடை?” என்றேன்.

“நனைவம்,” என்றார்.

மயோனைஸ் வேலை செய்தது. “மனுசருக்கில்லாத மயோனைஸை மேசைக்கு ஊட்டுறியள்” என்று அண்ணா புலம்பினாலும் நிலாக்கள் ஒவ்வொன்றாக மறைந்தன, சட்டி வட்டம் மட்டும் நின்றது. கோஸ்டர்களுக்கு மறைக்க ஒன்றுமில்லாமல் போயிற்று. ஆனாலும் பழக்கத்தில் வைத்துக்கொண்டே இருந்தோம்.

எனக்கு ஐ.டி. வேலை வந்தது, கல்யாணம் ஆனது, வேறு வீட்டுக்குப் போனேன். அவர்கள் அங்கேயே நெடுநாள் இருந்தார்கள். கடைசியில் மகனோடு இருக்க பிரிஸ்பேன் புறப்பட்டபோது, சாமான் கட்ட வீட்டில் ஒரு பெட்டிகூட இல்லை. நான்தான் பென்ரோஸில் பழைய நண்பர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். பெட்டியே இல்லாத அந்த வீட்டில் அவற்றைக் கொடுக்கும்போது எனக்கு வந்த பெருமையை என்னவென்று சொல்ல!

இப்போது அந்த வீடு இல்லை. இடித்துவிட்டு வரிசையாக மாடி வீடுகள் கட்டியிருக்கிறார்கள், உள்ளே எல்லாம் கல்மேடைதான். மேசை எங்கே போயிற்றோ. கோஸ்டர்களில் ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது, அண்ணாவின் புளிக்குழம்பு வாசம் போகத் துவைத்துத் துவைத்துச் சிவப்பு ரோஸ் ஆகிவிட்டது. நேற்று அதைத் தேடி எடுத்து, தேவையே இல்லாமல் கல்லின் மேல் போட்டு, டம்ளரை வைத்துப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினேன். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: “அக்கா, நேரம் இருந்தா கதைப்பமா?”

உடனே அக்காவின் குரலிலேயே பதில் வந்தது. “ஆமா தம்பி, பேசலாமே!”

இரண்டு தரம் போட்டுக் கேட்டேன். அவர் வீட்டுச் சொல் என் வாயில், என் வீட்டுச் சொல் அவர் வாயில். இனி எங்களுக்குள் அந்தப் பிழை வரவே வராது. மேசையைக்கூட மறந்துவிடலாம். அந்தப் பிழை போனதுதான் கொஞ்சம் நட்டம்.