சனிக்கிழமைக் குரோக்கெட்

லண்டனில் எங்கள் சனம் யாழ்ப்பாணத்தை நினைத்து ஏங்கும். என் மனைவி ஏங்கியது ஹொலண்டுக்கு. இளம் வயதில் அகதியாக அங்கே போய், ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு பொரியல் கடையில் வேலைக்குச் சேர்ந்தவள். டச்சு மொழியையும் சமையலையும் அங்கேதான் பழகினாள். பிள்ளைகளின் படிப்புக்காக நாங்கள் லண்டன் ஸ்ட்ரெதமுக்குக் குடிபெயர்ந்த நாளில், பொஃபர்ட்யஸ் சுடும் குழித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு கப்பலில் வந்தாள். சில்லறைக் காசளவு குட்டிக் குட்டி அப்பங்கள் அவை. வெண்ணெய் வைத்து, மா போன்ற சீனி தூவிச் சூடாகச் சாப்பிட வேண்டும்.

டச்சுச் சாப்பாடு விற்கச் சனிக்கிழமைச் சந்தையில் ஒரு சின்ன இடம் எடுத்தாள். கோயில் ஆட்கள் சிரித்தார்கள். பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு அக்கா கேட்டே விட்டா.

"பிள்ளை, இடியப்பம் வித்தால் சனம் வருமே. ஆருக்கு இந்த டச்சுச் சாப்பாடு?"

"வாங்கோ அக்கா, சாப்பிட்டிட்டுச் சொல்லுங்கோ."

வந்தா. உருட்டிப் பொரித்த குரோக்கெட்டைக் கடித்துவிட்டு, "இது எங்கட ரோல்ஸ்தானே" என்றா.

"இல்லையக்கா. ரோல்ஸ் எண்டால் உள்ளுக்கை கறி இருக்கும். இது வாயிலை கரையோணும்."

அதில் அவள் விட்டுக்கொடுக்கவே மாட்டாள். இறைச்சியை முதல் நாளே அவித்து, அந்தத் தண்ணீரில் வெண்ணெயும் மாவும் போட்டுக் கிண்டி, இறைச்சியை உதிர்த்துச் சேர்த்து, சாதிக்காய் சுரண்டிப் போட்டு, இறுகும்வரை குளிர்ப்பெட்டியில் வைப்பாள். உருட்டிப் பாண்தூளில் பிரட்டுவது மறுநாள். வேற்று ஆட்கள் வந்தால் உப்புப் போட்ட அதிமதுர மிட்டாயை முதலில் சும்மா கொடுப்பாள். அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இனி நல்லதைச் சாப்பிடுங்கோ" என்று பாண் ரொட்டிக்குள் குரோக்கெட்டை வைத்துக் கடுகுச் சாந்து பூசி நீட்டுவாள். ஆங்கிலேயர், போலந்துக்காரர், எங்கள் பெடியள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். நான் கிழமை நாட்களில் பஸ் ஓட்டிவிட்டு, சனிக்கிழமைகளில் அவளுக்குத் தட்டுக் கழுவினேன்.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி, சந்தைக்குப் போகலாமா என்பதுதான். ஏலுமானவரை போகலாம் என்று டொக்டர் சொன்னார். மருந்து ஏறத் தொடங்கிச் சில கிழமைகளில் அவளுடைய நாக்குச் செத்துப்போனது. எதை வைத்தாலும் இரும்பு மாதிரி இருக்கிறது என்றாள். ஒரு வெள்ளிக்கிழமை, குரோக்கெட்டுக் கலவையைக் கரண்டியில் கொஞ்சம் எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"இஞ்சேருங்கோ, உப்புக் காணுமே?"

"காணும், போதும்."

"சாதிக்காய்?"

"நல்லா இருக்கப்பா."

"நல்லா எண்டு சொல்லாதேங்கோ. எங்கை தெரியுது? முன்னுக்கோ, விழுங்கினாப் பிறகோ?"

எனக்கு அப்படியெல்லாம் சாப்பிட்டுப் பழக்கமில்லை. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக விழுங்கினேன்.

"விழுங்கினாப் பிறகு, தொண்டையிலை கொஞ்சம்."

"அப்ப சரி" என்று சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு கிண்டினாள். அவளுடைய தோள் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளியும் எனக்குத் தெரிந்த சொற்களால் அவளுக்குச் சுவை சொன்னேன். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள்.

கடைசியில் அவளைப் பராமரிப்பு நிலையத்தில் சேர்த்தோம். அது ஹாரிங் மீன் வரும் காலம். ஹொலண்டிலிருந்து அவளுடைய தம்பி ஐஸ் பெட்டியில் கொண்டுவந்தான். உப்பிட்ட பச்சை மீன். வெட்டின வெங்காயத்தைத் தொட்டுக்கொண்டு வாலில் பிடித்துச் சாப்பிடுவார்கள். அவளுக்கு அப்போது தண்ணீரே இறங்கவில்லை.

"நீங்கள் சாப்பிடுங்கோ. நான் பாக்கிறன்" என்றாள்.

"எனக்கு வேண்டாமப்பா."

"சாப்பிட்டிட்டுச் சொல்லுங்கோ."

கட்டில் பக்கத்தில் நின்றபடி ஒரு துண்டை வாயில் வைத்தேன்.

"கடல் மாதிரி இருக்கு."

"அது எல்லாரும் சொல்லுறது."

மறுபடி மென்றேன். "மெத்தெண்டு இருக்கு. பல்லே தேவையில்லை. பட்டர் மாதிரி. முடிவிலைதான் உப்புத் தெரியுது."

"வெங்காயம்?"

"இனிக்குது."

"நல்ல மீன்தான் குடுத்திருக்கிறாங்கள்" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பின் சாப்பாட்டைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கிழமைக்குள் போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகுதான் குளிர்ப்பெட்டியின் அடியில் இருந்த உறைதட்டைத் திறந்தேன். பராமரிப்பு நிலையத்துக்குப் போகுமுன் அவள் உருட்டித் தூள் பிரட்டி வைத்த குரோக்கெட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. பிள்ளைகள் அவற்றைத் தொடமாட்டோம் என்றார்கள். எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் சாப்பாடு பழுதாவது அவளுக்குப் பிடிக்காது. அந்தச் சனிக்கிழமை சந்தைக்குக் கொண்டுபோனேன். பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்கள். எண்ணெய் சூடானதும் பொரிக்கத் தொடங்கினேன்.

மத்தியானம் போல ஒரு டச்சுக்கார அம்மா கைத்தடி ஊன்றி வந்தா. முன்பு அடிக்கடி வந்து என் மனைவியோடு டச்சில் கதைத்துக்கொண்டு நிற்பவ. ஒரு வருடமாக ஸ்கொட்லாந்தில் மகள் வீட்டில் இருந்துவிட்டு இப்போதுதான் திரும்பியிருந்தா. ஒன்றை வாங்கிக் கடித்துவிட்டுத் தலையை ஆட்டினா.

"அவவின்ரை கைப்பக்குவம் அப்பிடியே இருக்கு. எங்கை அவ?" என்று டச்சில் கேட்டா.

இறந்துவிட்டாள் என்பதற்கு டச்சுச் சொல் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன், அது வரவில்லை. "அவ போயிட்டா" என்று மட்டும் டச்சில் சொன்னேன்.

அவ வேறு விதமாக விளங்கிக்கொண்டா. முகம் மலர்ந்தது. "ஊருக்கோ? நல்லது. அவவுக்கும் ஓய்வு வேணும்தானே. வந்தவுடனே நான் கேட்டதாகச் சொல்லுங்கோ."

சரி என்று தலையாட்டினேன்.

வீட்டுக்குக் கொண்டுபோக இன்னும் கொஞ்சம் கேட்டா. மிச்சமிருந்தவற்றைப் பொரித்து, சூடு ஆறாமல் கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன். கைத்தடியோடு அவ மெதுவாகச் சனத்துக்குள் நடந்து போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அடுப்பை நிறுத்தினேன்.