கோட்டுக்கு வெளியே நின்ற போர்மன்

1. குத்தி எழும்பிய பந்து

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் நான் எறிந்த முதல் அமெரிக்கன் புட்போலைப் பார்த்து மைதானமே சிரித்தது. தவறு என் கையில் இல்லை, கை பழகிய பழக்கத்தில். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட்டில் பவுண்டரியிலிருந்து எறியும் பந்து ஒரு முறை நிலத்தில் குத்தி விக்கெட் காப்பாளரின் கைக்குப் போனால் அதுதான் அழகான எறிதல். அதையே இங்கேயும் செய்தேன். இந்த விளையாட்டில் நிலத்தில் பட்ட பந்து செத்த பந்து. முட்டை மாதிரியான அந்தப் பந்து குத்தி, கோணலாகப் பாய்ந்து, பிரேபனின் முழங்காலில் அடித்தது.

பிரேபன் மட்டும் சிரிக்கவில்லை. "எவ்வளவு தூரம் எறிஞ்சவன் எண்டு பாருங்கோ. குத்தாமல் எறியப் பழக்கினால் சரி," என்றார். டேனிஷில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

பிரேபன் நான் வேலை செய்த தொழிற்சாலையில் பொதி கட்டும் பகுதியின் போர்மன், அதாவது மேற்பார்வையாளர். இளவயதில் ஒரு வருடம் அமெரிக்காவில் படித்துவிட்டு, இந்த விளையாட்டுப் பைத்தியத்தோடு திரும்பி வந்தவர். எண்பதுகளின் நடுவில் டென்மார்க்கில் இதை விளையாட ஆள் பிடிப்பதே பெரும்பாடு. அதனால்தான் அகதியாக வந்து சேர்ந்த நானும் என் நண்பன் யோகனும் அகப்பட்டோம். யோகன் நன்றாக ஓடுவான். அவன் பந்து பிடிப்பவன், நான் குவார்ட்டர்பேக்.

குவார்ட்டர்பேக் என்றால் பந்தை முதலில் கையில் வாங்குகிறவன். எறிவதா, பக்கத்தில் நிற்பவனிடம் கொடுத்து ஓடவிடுவதா என்று முடிவெடுப்பவனும் அவன்தான் என்று நினைத்தேன். இல்லை. முடிவு தாக்குதல் ஆட்டத்தை வகுக்கும் ஒஃபென்சிவ் கோர்டினேட்டருடையது. அது பிரேபன். ஒவ்வொரு முறையும் கோட்டுக்கு வெளியே நின்று ஒரு ஆளிடம் பிளேயை, அதாவது அடுத்து ஆட வேண்டிய நகர்வை, சொல்லி உள்ளே அனுப்புவார். நான் அதை அப்படியே நடத்த வேண்டும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் மாஸ்டர் கொட்டகைக்குள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார். மைதானத்துக்குள் முடிவு கப்டனுடையது. வெளியே இருந்து மாஸ்டர் கத்தினால் அது அவருக்குத்தான் வெட்கம்.

2. சிவப்புப் பொத்தான்

தொழிற்சாலையில் என் முதல் நாளில் இதே பிரேபன், பெட்டிகள் ஓடிவரும் பெல்ட்டின் அருகே அதை நிறுத்தவென்று இருந்த சிவப்புப் பொத்தானைக் காட்டினார். "பிழை கண்டால் அழுத்து. என்னைக் கேட்டுக்கொண்டு நிக்காதை. பெல்ட்டுக்குப் பக்கத்திலை நிக்கிறது நீ. நான் கண்ணாடி அறைக்குள்ளை இருக்கிறன்."

வாய் திறந்தால் அடி விழும் நாட்டிலிருந்து வந்தவன் நான். புதிதாக வந்த ஒரு தமிழன் முழுத் தொழிற்சாலையையும் நிறுத்தலாமா? அன்று அந்த மனிதரை எனக்கு நிரம்பப் பிடித்துப்போயிற்று.

மைதானத்தில் அதே மனிதர் சொன்னது: "நீ யோசிக்காதை. யோசிக்க நான் இருக்கிறன்."

3. இஷொய்க்காரர்கள்

சனிக்கிழமை, தலைநகருக்கு அருகே இஷொய்ப் பக்கமிருந்து வந்த குழுவோடு ஆட்டம். நாங்கள் புள்ளிகளில் சற்றுப் பின்னால் நின்றோம். கடைசிக் கட்டத்தில் பிரேபன் நடுவால் ஓடும் பிளேயை அனுப்பினார். நிமிர்ந்து பார்த்தேன். எதிராளிகள் எல்லாரும் நடுவில் சுவர் மாதிரி நின்றார்கள். யோகனின் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. வெளியே நின்றவருக்கு அது தெரிய வழியில்லை.

பிளேயை மாற்றினேன். யோகனுக்கு எறிந்தேன். பந்து அவன் கைக்குத்தான் போனது. அவன் விரலில் பட்டு வழுக்கி எதிராளியின் கையில் விழுந்தது. தோற்றோம்.

"அடுத்த ஆட்டத்திலை நீ வாங்கிலை இரு," என்றார் பிரேபன், கோட்டுக்கு வெளியே கிடந்த பெஞ்சைக் காட்டி. அவ்வளவுதான்.

யோகன் பேருந்தில் புலம்பிக்கொண்டே வந்தான். "நான்தானே மச்சான் பந்தை விட்டனான். ஆனாலும் நீ போய் மன்னிப்புக் கேள். எங்கட வேலையும் அந்தாளின்ரை கையிலைதான். இன்னும் நிரந்தரமாக்கேல்லை."

"பந்து விழுந்தது வேறை, நான் கண்டது வேறை. கண்டதுக்கு என்னத்துக்கடா மன்னிப்பு?"

வேலை போய்விடுமோ என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை.

4. திங்கட்கிழமை

திங்கட்கிழமை பெல்ட்டில் அடிப்பக்கம் ஒட்டாத பெட்டிகள் வரிசையாக வந்தன. பொத்தானை அழுத்தினேன். இரைச்சல் அடங்கியது. கண்ணாடி அறையிலிருந்து பிரேபன் வந்தார், பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல வேலை செய்தாய்," என்றார்.

"சனிக்கிழமையும் இதைத்தானே செய்தனான்?"

சுற்றி நின்ற டேனிஷ்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யோகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"விளையாட்டு வேறை."

"ஓம், வேறைதான். இஞ்சை பிழைச்சால் பெட்டி உடையும். அங்கை பிழைச்சால் எங்கட எலும்பு உடையும். பெட்டிக்கு ஒரு பொத்தான் வைச்சிருக்கிறாய். எனக்கு எங்கை பொத்தான்?"

டேனிஷில் போர்மனையும் 'நீ' என்றுதான் சொல்வது. அந்த மொழியில் எனக்குப் பிடித்த முதல் சங்கதி அது.

பிரேபன் முகம் சிவந்தார். "பெல்ட்டை ஓடவிடு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போச்சு வேலை என்று நினைத்தேன். மாலையில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் காத்து நின்றார்.

"இனி ஒவ்வொரு முறையும் ரண்டு பிளே அனுப்புறன். ஆக்களைப் பாத்து ஒண்டை நீ எடு. மூண்டாவது ஒண்டை நீயாக் கண்டுபிடிச்சால் வாங்குதான்."

"சரி," என்றேன். நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

5. அதே நடு ஓட்டம்

சொன்னபடி ஒரு ஆட்டம் வாங்கில் இருந்துவிட்டுத் திரும்பினேன். பருவத்தின் கடைசி ஆட்டம். எல்லைக்கோடு எட்டிப் பிடிக்கும் தூரத்தில்; பந்தோடு அதைத் தாண்டினால் வெற்றி. எங்களுக்கு மிஞ்சியது ஒரே ஒரு வாய்ப்பு. பிரேபன் அனுப்பிய இரண்டில் ஒன்று யோகனுக்கு எறிவது. மற்றது நான் மறுத்த அதே நடு ஓட்டம்.

"எனக்குத் தா மச்சான், இந்த முறை விடமாட்டன்," என்றான் யோகன்.

நிமிர்ந்து பார்த்தேன். எதிராளிகள் யோகனின் பக்கம் சாய்ந்து நின்றார்கள். நடு மெலிந்திருந்தது. பந்தை எங்கள் தடித்த டேனிஷ்காரனிடம் கொடுத்தேன். தலையைக் குனிந்து நடுவால் புகுந்து கோட்டுக்கு அப்பால் போய் விழுந்தான். வென்றோம்.

ஆரவாரம் அடங்கியதும் பிரேபன் வந்தார். "நானெண்டால் யோகனுக்கு எறியச் சொல்லியிருப்பன்."

"தெரியும். நீ வெளியிலை நிண்டனீ."

அன்றுதான் பிரேபன் என்னோடு சேர்ந்து சிரித்தார். யோகன் மட்டும் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

நான் எதிர்த்தது அந்த நடு ஓட்டத்தை அல்ல. கேள்வி கேட்காமல் அதைச் சுமக்கச் சொன்னதைத்தான். இன்றைக்கும் அதையே செய்வேன்.

பிறகு அதே கண்ணாடி அறையில் நானே போர்மனாக உட்கார்ந்தேன். யாராவது சிவப்புப் பொத்தானை அழுத்தி பெல்ட் நின்றால் எனக்கும் கோபம் சுர்ரென்று ஏறும். ஆனால் பொறுப்புக்கு வரும் பிள்ளைகளே, வாயைத் திறக்க முன்னம் நான் செய்தது ஒன்றுதான். அறையை விட்டு வெளியே வந்து, அழுத்தியவன் நின்ற இடத்தில் நானும் போய் நின்று பார்ப்பேன்.