ஃபேன் ஓடுகிற சத்தம்

வில்லியனூரில் ஒரு செல்போன் கடையில், என் போனுக்குக் கண்ணாடி ஒட்டக் காத்திருந்தபோது அந்த அம்மாவைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. விலை குறைந்த ஹெட்ஃபோன்கள் இரண்டை எடுத்து வைத்துக்கொண்டு, குவைத்திலிருந்து கணவர் அனுப்பிய ஒரே வாய்ஸ் மெசேஜை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டார். கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். உதடுகள் கூடவே அசையும். மெசேஜ் அவருக்கு மனப்பாடம்.

கடைக்காரர் இரண்டில் மெத்தென்றிருந்ததைக் காட்டி, "இத்த எடுத்துக்கோக்கா. காது வலிக்காது, பேஸ் சும்மா அதிரும்" என்றார்.

"வாணாம்பா. இதுல அவுரு குரல் மட்டும்தான் கும்முனு வருது."

மற்றதன் பஞ்சு கெட்டி. கம்மலை அழுத்தியது. இரண்டு கம்மலையும் கழற்றிப் பர்ஸில் போட்டுவிட்டு, அதையே மறுபடி மாட்டிக்கொண்டார்.

"குரல் கேட்டா போதாதாக்கா?" என்றேன்.

"எப்ப கேட்டாலும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவாரு. ரூம்ல ஃபேன் ஓடுதான்னு நாமதான் கேட்டுக்கணும். இதுல பின்னாடி சத்தமெல்லாம் வருது."

"ஓடுதா?"

இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டு இன்னொரு முறை கேட்டார்.

"ஓடுது" என்று சிரித்தார். உடனே முகம் மாறியது. "யாரோ இருமுறாங்க. அவுருதானா, பக்கத்துல யாராச்சுமா, தெரியல."

அதையே வாங்கிக்கொண்டு போனார்.

அந்த இருமல் பக்கத்துக் கட்டில்காரருடையதாக இருக்கட்டும் என்று இப்போதும் வேண்டிக்கொள்கிறேன். அவருக்கும் ஊரில் யாராவது இருப்பார்கள் என்பது பிறகுதான் உறைக்கிறது.