டிக்கெட்டில் ஒரு கம்பெனி, ஓட்டுவது வேறு கம்பெனி

இன்று அமெரிக்காவில் நியூவர்க் ஏர்போர்ட் வாசலில் பைலட்டுகள் யூனிஃபார்மோடு போராட்ட அட்டை பிடித்து நின்றார்கள். ஒருவர் எங்களை நிறுத்தினார். டிக்கெட்டில் இருப்பது அவருடைய கம்பெனிப் பெயராம். ஓட்டப்போவதோ பாதிச் சம்பளத்துக்கு ஒரு சின்ன கம்பெனி எடுத்த பைலட்டாம்.

என்னோடு வேலை செய்யும் பிரபு கொதித்துவிட்டான். "அநியாயம்டா! ஒருத்தன் வேலையைப் புடுங்கி வெளியில கான்ட்ராக்ட் விடுவானா?" அதையே அவரிடம் ஆங்கிலத்திலும் சொன்னான்.

"நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள்?" என்று பைலட் கேட்டார்.

கழுத்தில் தொங்கிய பேங்க் பேட்ஜைப் பிடித்துக்கொண்டு, "பேங்க்ல... கான்ட்ராக்ட்ல," என்றான் பிரபு.

"உங்களுக்கு முன்னால் அந்த வேலையை யார் பார்த்தார்?"

விமானத்தில் பிரபு சீட் பெல்ட்டை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான். கடைசியில், "என் டிராயர்ல அந்தாளோட காபி மக் இன்னும் இருக்குடா," என்றான்.

ஆபீஸில் என் மேஜைக்கடியில் யாருடையதோ ஒரு ஜோடி ஷூ இருக்கிறது. உங்கள் மேஜையில்?