பதினேழாம் நம்பர் தகரம்

அந்த யோசனை வந்தபோது நான் வாசலில் நின்று பள்ளிப்பைக்குள் வீட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே, கதவு நிலையில், எங்கள் வீட்டு நம்பர் எழுதிய தகரத் துண்டு. பதினேழு. ஆயுத பூஜை தவறாமல் அத்தை அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவந்ததில், ஒன்றுக்கும் ஏழுக்கும் நடுவே இன்னோர் எண் முளைத்ததுபோல் தடித்துப் போயிருந்தது. அத்தைக்குக் கொண்டுபோக வேண்டியது இதுதான் என்று பட்டதும், சாவி தேடியதே மறந்துபோயிற்று.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தை என்றால் அப்பாவின் மூத்த அக்கா. அப்பாவைத் தூக்கி வளர்த்தவள். தலை முழுக்க நரைத்த பிறகும், மூணாற்றுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். மழையில் சரிவில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து, தேனியில் ஓர் ஆசுபத்திரியில் கிடந்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, எழுந்து நடக்கலாம் என்றார் டாக்டர். அத்தை காலைத் தரையில் வைக்கவே மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பார்க்க வருகிறவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்டாள். "வீடு எப்பிடி இருக்கு?"

அந்தக் கேள்வியின் காரணம் பெரியவர்களுக்குத் தெரியும். அப்பா சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டினார். அம்மா மூணாற்றில் ஒரு சாக்லேட் கடையில் வேலை பார்த்தாள். எஸ்டேட் கம்பெனி வேலையில் இருந்தது அத்தை மட்டும்தான், வேலை இருக்கும்வரைதான் கம்பெனி வீடு. அவள் மறுபடி மலை ஏறாவிட்டால் நாங்கள் சட்டி பானையோடு இறங்க வேண்டியதுதான். இந்தப் பேச்செல்லாம் என் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் பிறந்ததிலிருந்து தூங்கி எழும் வீடு நம்முடையது இல்லை என்பது எப்படி நுழையும் மண்டையில்? அத்தைக்கு வீட்டு ஏக்கம் என்று நானே நோயைக் கண்டுபிடித்திருந்தேன். மருந்துதான் கிடைக்கவில்லை.

மற்றவர்கள் ஆரஞ்சும் பிரெட்டும் வாங்கிப் போனார்கள். அத்தை அதையெல்லாம் பக்கத்துக் கட்டிலுக்குத் தள்ளிவிட்டாள். நான் பூனையைக் கொண்டுபோகலாம் என்று ஒத்திகை பார்த்தேன். அது பைக்குள் இருக்கச் சம்மதிக்கவில்லை, முழங்கை வரை கீறல். பிறகு அம்மாவின் போனில் வீட்டைப் படம் எடுத்து, அத்தைக்குத் துணையாக ஆசுபத்திரியிலேயே தங்கியிருந்த அப்பாவின் போனுக்கு அனுப்பினேன். அத்தை அதை உற்றுப் பார்த்துவிட்டு, "என்னடா, பொகையவே காணோம்? அடுப்பு எரியலயா?" என்று அப்பாவிடம் கேட்டு, அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

ஆகவே தகரம். கதவைத் திறந்து முக்காலியை எடுத்துப் போட்டு ஏறி, தோசைக் கரண்டியை இடுக்கில் கொடுத்து நெம்பினேன். துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, அத ஏன் கழட்டுத?"

"அத்தைக்குக் கொண்டு போகணும்க்கா."

"ஒங்கம்மா கழட்டச் சொன்னாளா?"

அம்மாவுக்கும் தெரியாமல் வைத்திருக்கும் ரகசியம் இது. "அம்மாட்ட ஒண்ணும் கேட்டுராதீங்கக்கா" என்று கெஞ்சினேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, ஈரத் துணி வாளியை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எங்கள் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல வீடுகள். ஒரு குடும்பம் வீட்டை ஒப்படைக்கும் நாளில் ஆபீஸ் ஆள் வந்து முதலில் கழற்றுவது அந்தத் தகரத்தைத்தான். நான் பார்த்ததில்லை. மற்ற எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

அன்று அம்மா இருட்டிய பிறகுதான் வந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, முதல் பஸ்ஸுக்காகப் பனியோடு பனியாகக் கிளம்பினோம். நிலையை அண்ணாந்து பார்க்க அவளுக்கு நேரமில்லை. ஆனால் லயமே வாசலில் நின்றது. ஒருத்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க போனாலும் எங்கள மறந்துராத தாயி" என்றாள். இன்னொருத்தி முறுக்குப் பொட்டலத்தைப் பையில் திணித்தாள். பக்கத்து வீட்டு அக்கா அழுதே விட்டாள். அம்மாவின் முகம் வெளுத்துப் போயிற்று.

பஸ் போடிமெட்டு வளைவுகளில் இறங்கும்போது அப்பாவைப் போனில் பிடித்தாள்.

"மதினிக்கு என்ன ஆச்சு? மறைக்காமச் சொல்லுங்க."

"என்ன ஆச்சு? இட்லி வேண்டாம்னு மொகத்தத் திருப்பிட்டுப் படுத்துருக்கா."

"அப்புறம் ஏன் லயம் பூரா அழுவுது?"

"அங்க அழுதா எனக்கெப்பிடித் தெரியும்?"

பிறந்தநாள் தாளில் சுற்றிய பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, பெரியவர்களுக்குத்தான் எத்தனை குழப்பம் என்று நினைத்தேன்.

அத்தை பொட்டலத்தை வேண்டா வெறுப்பாகப் பிரித்தாள். தகரம் தெரிந்ததும் தாளைக் கீழே விட்டாள். அப்பாவைத்தான் பார்த்தாள்.

"ஆபீஸ்லருந்து ஆள் வந்துட்டானா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தகரத்தைப் பார்த்துக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். பரிசு பிடிக்கவில்லையோ என்று நான் முந்திக்கொண்டேன்.

"நாந்தான் அத்தை கழட்டுனேன். தோசைக் கரண்டிய வச்சு."

"நீயா?"

"நீங்கதான வீடு வீடுன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகை என்று பயந்தேன், சிரிப்பு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "ஆணியெல்லாம் வளஞ்சிருக்குமே" என்றாள். ஒன்று உடைந்தே போயிற்று என்றேன்.

"நாந்தான் போய் அடிக்கணும் மறுபடி. ஒங்கப்பனுக்கு ஒரு ஆணி நேரா அடிக்கத் தெரியாது. ஏலே, கையக் குடு."

அப்பாவின் தோளைப் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, அத்தை காலைத் தரையில் வைத்தாள். ஜன்னல் வரை போய்த் திரும்பினாள். தகரம் அவள் கக்கத்தில் இருந்தது. நான் நினைத்தது நடந்துவிட்டது, மருந்து வேலை செய்கிறது. அப்படியென்றால் அம்மா ஏன் அழுகிறாள், அத்தையை உட்கார வைத்ததும் அப்பா ஏன் விடுவிடுவென்று வராந்தாவுக்குப் போனார் என்பதுதான் விளங்கவில்லை. கொண்டுவந்தது நல்ல பரிசா கெட்ட பரிசா என்று யாரிடம் கேட்பது?

கிளம்பும்போது அத்தை தகரத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு என்னைப் பக்கத்தில் இழுத்தாள். "இது இங்கயே இருக்கட்டும். நம்பரே இல்லன்னா எந்த வீட்டன்னு பூட்டுவான்? வர்றவன் தேடிட்டு அலையட்டும்" என்று கண்ணைச் சிமிட்டினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் அத்தை சொன்னதை யோசித்துக்கொண்டே வந்தேன். அதில் ஓர் ஓட்டை இருந்தது. வரிசையில் ஒரு வீட்டுக்கு மட்டும் நம்பர் இல்லையென்றால், பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் இருப்பது எது என்று எந்த முட்டாளும் சொல்லிவிடுவானே. அத்தைக்குக் கணக்கு வராது, பாவம்.

வீட்டுக்கு வந்து, அம்மா வெந்நீர் வைக்கப் போன நேரத்தில் பள்ளிப்பையிலிருந்து புத்தகங்களை எடுத்து வெளியே அடுக்கினேன். காலியான பைக்குள் தோசைக் கரண்டியை வைத்தேன். லயத்தில் பாக்கி இருந்த தகரங்கள் அத்தனையும் அதற்குள் கொள்ளும் என்றுதான் தோன்றியது.