புஸ்வாணப் பெட்டியில் புழுக்கள்

எங்கள் வீட்டில் எதை எடுத்து வைக்கவும் பட்டாசுப் பெட்டிதான். பழைய சேலை, கல்யாண ஆல்பம், வெங்காயம் எல்லாமே ஏதாவதொரு ராக்கெட் படத்துக்குள் கிடக்கும். கணவர் சிவகாசியில் ஒரு பட்டாசு கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்கிறவர். தீபாவளி முடிந்த கையோடு ஒரு ஜோடி பின்ச் குருவிகளை வாங்கி வந்து ஆசை ஆசையாக வளர்த்தார். தை பிறந்ததும் வழக்கம்போல வடக்கே கிளம்பி, கூண்டை என் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

அவர் இருக்கும்போதே முதல் ஈட்டுக் குஞ்சுகளை அந்தக் குருவிகள், முட்டையிடக் கூண்டுக்குள் கட்டித் தொங்கவிட்ட கலயத்திலிருந்து வெளியே தள்ளிக் கொன்றிருந்தன. உயிருள்ள புழு தின்னக் கிடைத்தால் தள்ளாது என்று மதுரையில் குருவி விற்றவர் சொல்லியிருந்தார். இப்போது கலயத்தில் மறுபடி மூன்று குஞ்சுகள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லேபிள் அச்சடிக்கிற ஆபீசில் புரூஃப் பார்க்கும்போது எழுத்தே கண்ணில் நிற்காது. மத்தியானம் சாப்பிட வந்தால் சோற்றைத் தொடுமுன் கூண்டின் தரையைத்தான் பார்ப்பேன்.

புழு என்றால் எனக்கு ஆகவே ஆகாது. கத்தரிக்காயில் ஒன்று நெளிந்தால் அன்று குழம்பே கிடையாது. அப்படிப்பட்டவள் லீவு போட்டுவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். அந்தக் குருவிக் கடைக்காரர் தவிட்டுக்குள் கையை விட்டு மாவுப்புழுக்களை அள்ளி, நான் கொண்டுபோன பெட்டியில் போட்டார். ஈரத்துக்கு ஒரு கேரட் துண்டு வைத்து, மூடியில் ஓட்டை குத்தி, நூலால் கட்டிக் கொடுத்தார்.

திரும்பும்போது பெட்டியை மடியில் வைத்திருந்தேன். அதன் மேல் புஸ்வாணம் கொட்டுகிற படம் பளபளவென்று இருந்தது எனக்கு உறைக்கவே இல்லை. திருமங்கலம் தாண்டி டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் பார்த்துவிட்டார். பட்டாசைப் பஸ்ஸில் ஏற்றக் கூடாது, இறங்கு என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தது.

"மதுரைல இருந்து சிவகாசிக்கு எவளாவது பட்டாசு வாங்கிட்டுப் போவாளா?"

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். கண்டக்டர் முகம் சிவந்து, திறந்து காட்டச் சொன்னார். ஆத்திரத்தில் நூலைப் பிய்த்தேன். அந்த நேரம் பார்த்து டிரைவர் பிரேக் போட, தவிடும் புழுவுமாகத் தரையெல்லாம் சிதறியது. பக்கத்தில் இருந்த அம்மா காலைச் சீட்டுக்கு மேல் தூக்கிக்கொண்டு, இதைத் திங்கவா கொண்டுபோகிறாய் என்று கேட்டார். நான் முட்டி போட்டு உட்கார்ந்து, வெறும் விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். உள்ளங்கையில் அவை ஊர்ந்தபோது உடம்பே கூசியது. ஆனாலும் விடவில்லை. விருதுநகரில் கண்டக்டர் என்னை இறக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார். அடுத்த சிவகாசிப் பஸ் வருவதற்குள் அந்த ஸ்டாண்டை எத்தனை முறை சுற்றினேன் என்று தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். கூண்டின் தரையில் ஒரு குஞ்சு கிடந்தது. கையில் எடுத்தேன். இன்னும் வெதுவெதுப்பு போகவில்லை, உயிர்தான் இல்லை. அந்தக் கண்டக்டரைக் கொன்று போடலாம் போல இருந்தது. குஞ்சைக் கடிக்காமலிருக்கப் புழுக்களின் தலையை மட்டும் நசுக்கி, நெளிய நெளியக் கிண்ணத்தில் போட்டேன். ஆண் குருவி ஒன்றைக் கொத்திக்கொண்டு கலயத்துக்குள் போனது. உள்ளே இரண்டு குரல்கள் போட்டி போட்டுக் கத்தின. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கணவர் போன் செய்தார். செல்லைக் கூண்டுப் பக்கம் நீட்டிப் பிடித்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"எத்தனை இருக்கு?"

"ரெண்டு."

"ரெண்டு போதும்ல," என்றார்.

என் இன்னொரு கையில் அந்தக் குஞ்சு அப்படியே இருந்தது. போதாது என்றேன்.