அட்டைகளுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் பொட்டு இல்லாத பொருள் என்று ஒன்று இருக்கக் கூடாது. தறி, ஊடை நூல் ஓட்டும் நாடா, கத்தரிக்கோல், சைக்கிள், அரிவாள்மணை என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாக வேண்டும். நான் எந்த வேலையையும் அரைகுறையாக விடுகிறவள் இல்லை. அந்தக் குணம்தான் ஒரு வருஷம் என்னைக் குப்புறத் தள்ளியது.

எழுபதுகளின் தொடக்கம் அது. நெசவாளர்கள் நிறைந்த எங்கள் பிள்ளையார்பாளையத்தில் அப்போதுதான் வீட்டுக்கு வீடு ஜக்கார்டு பெட்டி வந்துகொண்டிருந்தது. தறிக்கு மேலே பெட்டி. அதிலிருந்து மாலை மாதிரி தொங்கும் ஓட்டை போட்ட அட்டைகள். மிதியை ஒரு தடவை மிதித்தால் ஓர் அட்டை நகரும். ஓட்டை உள்ள இடத்துப் பாவு நூல், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல், மேலே எழும், மற்றது கீழேயே கிடக்கும். எங்கள் தறியில் நூற்றறுபது அட்டைகள். அவை ஒரு சுற்று வந்தால் புடவைக் கரையில் ஒரு மயிலும் ஒரு சக்கரமும் முடிந்திருக்கும்.

அதற்கு முன்பு இந்த வேலையைச் செய்தது என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி. அப்போது டிசைன் முழுவதும் தறியில் நூல்களாகக் கட்டியிருக்கும், அடை என்பார்கள். நெய்கிறவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து அந்த நூல்களை வரிசை தப்பாமல் இழுத்துக் கொடுக்க வேண்டும். என் கணவர் நெய்ய, அவள் எட்டு வருஷம் அதே மயிலையும் அதே சக்கரத்தையும் இழுத்திருக்கிறாள். பெட்டி வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். பெட்டி வந்தது, அவளுடைய இடம் போனது. அவள் வாசலோரம் ராட்டையில் நாடாவுக்கான நூலைத் தாராகச் சுற்ற உட்கார்ந்தாள். அன்றிலிருந்து என்னிடம், "உப்பு எங்க இருக்குது?", "தண்ணி வந்துச்சா?" என்பதற்கு மேல் பேச்சில்லை. போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். எனக்கும் வாய் நீளம், வீம்பும் நீளம்.

அந்தப் புரட்டாசியில் தறியில் இருந்தது ஒரு கல்யாணப் புடவை. திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு சமண வீட்டுப் பெண்ணுக்கு ஐப்பசி முதல் வாரத்தில் முகூர்த்தம். அரக்குச் சிவப்பு உடல், பச்சைக் கரை. பாதி நெய்தாகிவிட்டது. பெண்ணின் அம்மா ஒருநாள் வந்து, தறியிலேயே தடவிப் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாகப் போனார்.

பூஜையன்று தறிக்குப் பொட்டு வைத்தேன், பெட்டிக்கு வைத்தேன். அட்டைகளைப் பார்த்தேன். வேலை செய்வதே அவைதானே, அவற்றை மட்டும் ஒதுக்குவானேன்? நூற்றறுபது அட்டைக்கும், ஒன்று விடாமல், சந்தனம் குழைத்து நல்ல கெட்டியாக வைத்தேன். முடித்துவிட்டு நின்று பார்த்தபோது பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து என் கணவர் தறியில் உட்கார்ந்தார். நாலு இழை ஓடியதும் நிறுத்திவிட்டார். காய்ந்த சந்தனம் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தது. எழ வேண்டிய நூல் எழவில்லை. மயிலின் முதுகில் வரி வரியாகப் பொத்தல்.

"சந்தனத்த அட்டைக்கா வப்பாங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டு, அந்த நாலு இழையையும் பிரித்துவிட்டு, பட்டு வாங்கக் கடைக்குப் போனார்.

அவர் வருவதற்குள் சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். அட்டைகளைக் கோத்திருந்த கயிற்றைப் பிரித்தேன். கழற்றத் தெரிந்தவளுக்குக் கோக்கத் தெரியாதா? ஈரத்துணியால் ஒவ்வொன்றையும் துடைத்து, ஊசியால் ஓட்டைகளைக் குத்தி, வரிசை மாறாமல் பின்கட்டுத் திறந்த முற்றத்தில் பாயில் பரப்பினேன். துணி ஊதா நிறமாக மாறியது. அழுக்கு என்று நினைத்தேன். கடைசி அட்டையை வைக்கும்போது சடசடவென்று தூறல் பிடித்துக்கொண்டது. நனைந்தால் அட்டை கூழாகிவிடும். முறத்தை எடுத்து, அத்தனையையும் வாரிக் குவித்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தேன்.

பரவாயில்லை, ஓரத்தில் எண் போட்டிருப்பார்களே என்று ஓர் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். எண் இல்லை. அடுத்ததிலும் இல்லை. அட்டைகளில் ஓட்டை அடித்துக் கொடுத்தவர், ஈரம் பட்டால் ஊதாவாகக் கரையும் மைப் பென்சிலால் எழுதியிருந்த எண்கள்தான் அந்த ஊதா. என் கையால் நானே துடைத்து எடுத்திருந்தேன்.

என் கணவர் வந்ததும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அட்டை அடிப்பவரிடம் ஓடினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தே பதில் தெரிந்துவிட்டது.

"டிசைன் போட்ட கிராப் பேப்பர் மெட்ராஸ்ல அவரு தம்பிகிட்ட இருக்குதாம். வரவழச்சி அடிக்க ஒரு மாசம் ஆவும்ன்றாரு."

முகூர்த்தத்துக்கு இருந்தது பன்னிரண்டு நாள். பாதிப் புடவையோடு பாவு நூலை அறுக்க வேண்டும். கல்யாணத்துக்கென்று ஏற்றிய பாவு நூலை அறுப்பது எங்கள் பக்கத்தில் வாயால்கூடச் சொல்லக் கூடாத விஷயம். அவர் அதைச் சொல்லவில்லை. "பெட்டிய திருப்பிக் குட்த்துடலாம்" என்று மட்டும் சொன்னார். நான் முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பெட்டிக்காக அழுதேனா, அந்தப் பெண்ணுக்காக அழுதேனா என்று இப்போது கேட்டால், என் முட்டாள்தனத்துக்காகத்தான் அழுதேன்.

வாசலோரம் ராட்டைச் சத்தம் நின்றது. ஓரகத்தி எழுந்து வந்து முறத்தில் ஒரு கை அட்டையை அள்ளிப் பார்த்தாள்.

"இத்தப் பாத்தா எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள். அப்புறம் என் கணவரிடம், "தம்பி, ஒரு அட்டைய பெட்டில வச்சி மிதிபா. நூலு எழும்பறத பாக்கறேன்" என்றாள்.

அவர் ஓர் அட்டையை மட்டும் கட்டி மிதித்தார். கரையில் சில நூல்கள் எழுந்தன. அவள் குனிந்து பார்த்தாள். நெய்த இடத்தைப் பார்க்கவே இல்லை.

"கழுத்து. மூக்கு ஆரம்பிச்சதுலேர்ந்து பதிமூணாவது" என்றாள்.

எனக்கு அழுகை சட்டென்று நின்றது. அடுத்த அட்டை. "இது வாலு, கடசிக்கு ரெண்டு முன்ன." அதற்கடுத்தது. "காலு." அவள் சொல்லச் சொல்ல நான் எண் எழுதினேன். இந்தத் தடவை பென்சில் இல்லை. சாயப்பட்டறையில் வேலை செய்த அவள் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்த சாயத்தில், ஈர்க்குச்சியைத் தோய்த்து. கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் போகாத கறுப்பு.

இரண்டு நாள் முழுக்க அதே வேலை. அவர் மிதிப்பார், அவள் சொல்வாள், நான் எழுதுவேன். அவளுக்கே சந்தேகம் வந்த இடங்களில் நெய்த மயிலோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். சக்கரத்தில்தான் இரண்டு அட்டை ஒன்றுபோலவே இருந்து என்னைப் பதற வைத்தன.

"எது முன்னாடிக்கா? எது பின்னாடி?"

"சக்கரத்துக்கு ஏதுமா முன்னாடி பின்னாடி? ரெண்டும் ஒண்ணுதான், எத்தயாவது வை."

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். பெட்டி வந்த இந்த எட்டு மாதத்தில் அந்தக் கூடத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. அன்று சமையல்கூட நன்றாக வந்தது.

மூன்றாம் நாள் அட்டைகளைக் கோத்து ஏற்றினோம். மயில் மூக்கு, தலை, கழுத்து என்று ஒழுங்காக வளர்ந்தது. வால் முடிந்து சக்கரம் தொடங்கியபோதுதான் நான் மூச்சே விட்டேன். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் புடவை தறியிலிருந்து இறங்கியது. பெண்ணின் அம்மா விரித்துப் பார்த்தார், தடவினார், ஒரு குறையும் சொல்லாமல் மடியில் வைத்துக்கொண்டு வண்டி ஏறினார். பொத்தல் விழுந்த இடம் எது என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று மதியம் ஓரகத்திக்குச் சோறு போடும்போது மனசில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன்.

"அக்கா, நீ பேசாம குந்திக்கினு இருந்திருந்தா பெட்டி திரும்பிப் போயிருக்கும். தறிகிட்ட ஒன் எடம் ஒனக்குக் கெடச்சிருக்கும். என்மேலதான் அவ்ளோ கோவமா இருந்தியே?"

"இருந்தேன் இன்னா, இப்பவும் இருக்கறேன்" என்றாள், சோற்றைப் பிசைந்துகொண்டே. "ஒன்மேல கோவம்னா, அந்தப் பொண்ணு பொடவ இன்னாமா பண்ணுச்சு?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அழுவாத. மோரு ஊத்து" என்றாள்.